மணி அடித்தாலும் எழாத காவல் நாய்! ராஜபாளையம் வாங்கப் போகிறவர்களே, உஷார்!

சென்னை மண்ணடியில் இரும்பு சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், மாதவரத்தில் உள்ள தன் குடோனுக்கு காவல் காக்க ஒரு நாய் வாங்கினார். சாதாரண நாய் அல்ல. ராஜபாளையம்! பால் போல வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். கண் இரண்டும் நீலம்.

"இந்த ஈத்துலயே இதுதான் சார் அசல். எங்கயாவது ஒரு புள்ளி இருக்கா பாருங்க!" என்றார் தரகர். மற்ற குட்டிகளுக்கு சொன்ன விலையை விட கூடுதலாகப் பணம் கொடுத்து அதைத் தூக்கி வந்தார் கடைக்காரர். "மணி" என்று பெயர் வைத்தார்.

எட்டு மாதத்தில் மணி மளமளவென்று வளர்ந்து விட்டது. பின்னங்காலில் நின்றால் ஆள் உயரம்! தெருவில் போகிறவர்கள் குடோன் கேட்டைக் கண்டதும் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். கடைக்காரருக்கு பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் இரவு திருடர்கள் வந்தார்கள். பின்பக்கக் கதவின் பூட்டை ஆக்சா பிளேடு போட்டு அறுத்தார்கள். செம்புக் கம்பிச் சுருள்களை தோளில் மாட்டிக் கொண்டு போய் விட்டார்கள். மணி முன்பக்கத்தில் சாக்கு மேல் படுத்து நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்தது.

விடிந்ததும் கடைக்காரருக்கு ஆத்திரம். "தின்னுட்டு தூங்குறதுக்கா இத்தன ரூபா குடுத்தேன்? வண்டியில ஏத்தி செங்குன்றம் தாண்டி எங்கயாவது விட்டுட்டு வாங்கடா!" என்று கத்தினார்.

குடோனில் சரக்கு ஏற்றி இறக்கும் பெரியவர் ஒருவர்தான் குறுக்கே வந்தார். "இருங்க மொதலாளி. இந்த நாய் மேல எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே டாக்டர் நாயின் பின்னால் போய் நின்று ஒரு எவர்சில்வர் தட்டை "டமார்" என்று கீழே போட்டார். அறையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். பக்கத்து மேஜையில் இருந்த பொமரேனியன் ஊரைக் கூட்டியது. மணி மட்டும் பெரியவரின் கையை நக்கிக் கொண்டே இருந்தது. திரும்பிக் கூட பார்க்கவில்லை!

"இதுக்கு ரெண்டு காதும் கேக்காது பெரியவரே. குட்டியா இருந்தப்பவே போயிருக்கும்" என்றார் டாக்டர்.

அப்படியானால் எட்டு மாதமாக "மணி, மணி" என்று கூப்பிட்டதும் ஓடி வந்ததே? அது பெயரைக் கேட்டு வரவில்லை. தட்டைப் பார்த்து வந்தது!

மணி பிறகு என்ன ஆயிற்று என்பதை கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்த நாயைப் பற்றி நகரவாசிகள் தெரிந்து கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நாட்டு நாய் மவுசு

2024-ம் வருடம் மே 5-ந் தேதி. ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சி பூங்காவில், அங்கே காவலாளியாக இருந்தவரின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நகரமே பதறியது நினைவிருக்கும். அதற்கு முன்பே 2024 மார்ச்சில், மூர்க்கமானவை என்று 23 வகை நாய்களை பட்டியல் போட்டு, அவற்றை விற்கவும் வளர்க்கவும் விடாதீர்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், பிட்புல், ராட்வீலர் இரண்டு வகைக்கும் இனி புதிதாக லைசென்ஸ் கிடையாது என்று தீர்மானம் போட்டது.

இதையெல்லாம் படித்து விட்டு பஸ்சிலும் டீக்கடையிலும் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "வெளிநாட்டு நாயாலதானே வம்பு? நம்ம ஊரு நாய வாங்கிப் போட்டா ஒரு தொல்லையும் இல்ல!"

பேச்சில் பாதி உண்மை உண்டு. ராஜபாளையம் நம் வெயிலில் பிறந்த நாய். அடர்ந்த ரோமம் போர்த்திய குளிர் தேச நாயை ஏ.சி. அறையில் வைத்து வளர்ப்பது போல இதை வளர்க்க வேண்டியதில்லை. ஆனால் மீதிப் பாதி? ராஜபாளையம் சாதுவான நாய் என்று யார் சொன்னது? பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக பல் இல்லை என்று ஆகி விடுமா?

பன்றியை மடக்கிய பரம்பரை

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர் ராஜபாளையம். விஜயநகரத்துப் பக்கமிருந்து வந்து அங்கே குடியேறிய ராஜுக்கள் வளர்த்து வந்ததாக இந்த நாயைப் பற்றி சொல்வார்கள். பாளையக்காரர் படையோடு சேர்ந்து வெள்ளைக்காரனின் குதிரைகளைக் கடித்து விரட்டியது என்றும் கதை உண்டு. கதை எப்படியோ, வேலை என்ன என்பதில் சந்தேகமே இல்லை. இருட்டிய பிறகு தோட்டத்தையும் வீட்டையும் காவல் காப்பது. மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றியை ஓட ஓட விரட்டி மடக்குவது. காட்டுப்பன்றிக்கு முன்னால் நின்ற நாய்க்கு, சுவர் ஏறிக் குதிக்கும் ஆள் எம்மாத்திரம்?

நெட்டையான கால். ஒட்டிய வயிறு. ஆழமான நெஞ்சு. மடிந்து தொங்கும் காது. மேல் நோக்கி வளையும் வால். தோள் உயரமே இரண்டு அடியைத் தாண்டும். 2005-ம் வருடம் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். சைதாப்பேட்டையில் கால்நடைத்துறை நாட்டு நாய்களுக்கு என்றே ஒரு பண்ணை நடத்தி வந்தது. குட்டிக்கு பெயர் எழுதிக் கொடுத்து விட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பிற்பாடு அங்கே நாய்கள் இருந்த நிலையைப் பற்றி ஐகோர்ட்டு வரை வழக்கு போனது தனிக்கதை.

குணம் எப்படி? வீட்டு ஆட்களிடம் உயிரை விடும். அதிலும் ஒருவரைத்தான் தன் எஜமான் என்று மனதில் வைத்துக்கொள்ளும். புது ஆள் வந்தால் வாலை ஆட்டாது. "அழகா இருக்கே" என்று தலையில் கை வைக்கப் போகிறவர்களை அதற்கு பிடிக்காது. உறுமும். அப்போதும் கையை எடுக்காவிட்டால் தப்பு நாயின் மேல் இல்லை.

இன்னொன்று. இது மோப்பத்தை விட கண்ணை நம்பி வேட்டையாடும் ஜாதி. எது ஓடினாலும் துரத்தத் தோன்றும். பூனை ஓடினாலும் சரி, சைக்கிள் ஓடினாலும் சரி. பந்தை எடுக்க ஓடும் அடுத்த வீட்டுக் குழந்தையும் அப்போது அதன் கண்ணுக்கு ஓடும் பொருள்தான். மாடி ஒண்டிக்குடித்தனத்திலும், கைப்பிடிச் சுவர் மட்டும் உள்ள மொட்டை மாடியிலும் இதை வாங்கி வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இந்த நாய்க்கு வேண்டியது காம்பவுண்டு சுவரும், தினம் இரண்டு வேளை ஓட இடமும். இரண்டும் இல்லையா? வாங்காதீர்கள். அதில் ஒன்றும் கவுரவக் குறைச்சல் இல்லை.

வெள்ளையில் இருக்கிறது வினை

மணிக்கு ஏன் காது கேட்கவில்லை? எந்த வெள்ளைக்காக கடைக்காரர் கூடுதல் பணம் கொடுத்தாரோ, அந்த வெள்ளைதான் காரணம்!

தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் செல்களுக்கு உள்காதிலும் ஒரு வேலை இருக்கிறது. அங்கே அவை இல்லாமல் போனால், சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் நுட்பமான செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே செத்து விடும். பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களிலும் இதே கோளாறு உண்டு. கண்ணும் நீலமாக இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகம்.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒரு புள்ளி கூட இல்லாத வெள்ளைதான் அசல் என்றார்கள். பழுப்பும் கறுப்புமாகப் பிறந்த குட்டிகளை ஒதுக்கினார்கள். வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்தார்கள். அதுவும் ஊருக்குள் இருந்த கொஞ்சம் நாய்களுக்குள்ளேயே. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால் காது போகாமல் என்ன செய்யும்? காவலுக்கு என்று பிறந்த ஜாதியை, அழகுக்காக செவிடாக்கியது மனிதன்தான்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் பரீட்சை செய்து பார்ப்பது சுலபம். குட்டி தூங்கும்போது அதன் தலைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக்கூடாது, காற்றும் படக்கூடாது. அதிர்ச்சி தெரிந்தே அது விழித்து விடும். சத்தத்துக்கு மட்டும் காது அசைகிறதா, கண் திறக்கிறதா என்று பாருங்கள். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது சோதித்தால் ஏமாந்து போவீர்கள். ஒன்று எழுந்தால் அதைப் பார்த்து செவிட்டுக் குட்டியும் எழுந்து விடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு கருவி வைத்து பார்க்க வேண்டும்.

முடிந்தால் தாயையும் போய்ப் பாருங்கள். தாயைக் காட்ட மாட்டேன் என்கிற தரகரிடம் குட்டி வாங்க வேண்டாம். அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட்டில் குட்டியை கோணிப்பையில் போட்டுக் கொடுப்பார்கள். அது 1985-ல் எரிந்து போனது. ஆனால் கோணிப்பை வியாபாரம் இன்னும் போகவில்லை!

மிளகாய்ப்பொடி ஆசாமிகள்

நாய் கோபக்கார நாயாக வர வேண்டுமென்று சிலர் செய்கிற காரியம் இருக்கிறதே, கேட்டால் வயிறு எரியும். குட்டியை இருட்டறையில் பூட்டி வைப்பது. சோற்றில் மிளகாய்ப்பொடி கலப்பது. நாள் முழுக்க இரண்டு முழ சங்கிலியில் கட்டிப் போடுவது. ஆளைப் பார்க்காமல் வளர்ந்தால்தான் ஆளைக் கடிக்கும் என்று ஒரு கணக்கு!

கணக்கு தப்பு. அப்படி வளர்ந்த நாய் காவல் நாய் ஆகாது. பயந்த நாய் ஆகும். பயந்த நாய்க்கு திருடன் யார், தபால்காரர் யார், வீட்டுக்கு வந்த அத்தை யார் என்று தெரியாது. கைக்கு எட்டியவரைக் கடிக்கும். சங்கிலி அறுந்த அன்றைக்கு முதலில் மாட்டுவது பெரும்பாலும் சிறு பிள்ளைகள்தான். தவிர, மிளகாய்ப்பொடியால் கோபம் வராது, வயிற்றுப்போக்குதான் வரும்.

குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் முக்கியமான காலம். அந்தச் சமயத்தில் எதைப் பார்க்கிறதோ அதற்கு பிறகு பயப்படாது. பால்காரர், கேஸ் சிலிண்டர் ஆள், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், தவழும் குழந்தை, பர்தா அணிந்த பெண், பட்டாசு சத்தம், எல்லாம் மெதுவாகப் பழக வேண்டும். "இப்படி எல்லாரோடயும் பழகினா காவல் காக்காதே?" என்று கேட்பீர்கள். காக்கும். சந்தேகப்படுவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. யாரை சந்தேகப்பட வேண்டாம் என்பதைத்தான் நாம் சொல்லித் தர வேண்டும். அடித்து அல்ல. அடி வாங்கிய ராஜபாளையம் அதை மறக்கவே மறக்காது என்று வளர்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லி விடுகிறேன். நாயை அளவுக்கு மீறி நேரம், குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பது 1960-ம் வருட பிராணி வதை தடுப்பு சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம்தான். அஜாக்கிரதையால் உங்கள் நாய் யாரையாவது கடித்து வைத்தால், புதிய குற்றவியல் சட்டத்தின் 291-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி லைசென்ஸ் வேண்டும். அதற்கு தடுப்பூசி சீட்டு வேண்டும். மைக்ரோசிப்பும் போட வேண்டும். வெளியே கூட்டிப் போனால் கையில் கயிறு இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பையன் கையில் அல்ல, இழுத்தால் தாங்கக் கூடியவர் கையில்!

கேழ்வரகும் முட்டையும்

சாப்பாட்டு விஷயத்தில் இது ராஜா வீட்டு நாய் அல்ல. கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் தயிரும் குடித்து வளர்ந்த பரம்பரை. ஆனாலும் கூழ் மட்டும் போதாது. முட்டை, கோழிக்கறி, மீன் என்று புரதம் சேர வேண்டும். சிறு குட்டிக்கு மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. வேக வைத்த எலும்பு கூடாது. சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் விஷம். பிரியாணி மிச்சத்தில் வெங்காயம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்ன சார், விலா எலும்பு தெரியுதே, சோறு போடறதில்லையா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். காதில் வாங்காதீர்கள். ஓடுவதற்குப் படைத்த உடம்பு அது. லேசாக எலும்பு தெரிந்தால்தான் அழகு. கொழுக்க வைத்தால் மூட்டு போகும்.

வெயில் தாங்கும் என்றேன். அதிலும் ஒரு சங்கதி. மேலே ரோமம் குட்டை, உள்ளே தோல் ரோஜா நிறம். உச்சி வெயிலில் கட்டிப் போட்டால் மூக்கு நுனியும் காது ஓரமும் வெந்து புண்ணாகி விடும். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள்ளும், பொழுது சாய்ந்த பிறகும் நடத்துங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து எண்ணும் வரை உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. வெள்ளை ரோமத்தில் உண்ணி பளிச்சென்று தெரியும் என்பது ஒரு சவுகரியம். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினம் பாருங்கள். தின்னாமல் படுத்து, ஈறு வெளுத்து, உடம்பு கொதித்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

தடுப்பூசியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு எட்டு வாரத்தில் முதல் ஊசி. அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் டாக்டர் சொல்கிறபடி. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடா வருடம்.

ஒரு வேளை கடித்து விட்டால்? தெரு நாயோ, ஊசி போட்ட வீட்டு நாயோ, முதல் வேலை குழாய் தண்ணீரில் சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். நேராக அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கையில்தான். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே ஒரு மருந்து போடுவார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்து விடாதீர்கள். நோய் வந்து விட்டால் பிறகு டாக்டர் கையில் ஒன்றும் இல்லை.

மணி எங்கே?

இனி மணி கதை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியவர் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் வாயடைத்துப் போனார். தரகரின் போனுக்கு அடித்தார். மணி அடித்துக் கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை!

"செவிட்டு நாய வெச்சுகிட்டு நான் என்ன பண்றது பெரியவரே?"

"எங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன் மொதலாளி. உங்களுக்கு தொல்ல வேணாம்."

அப்படித்தான் மணி கொருக்குப்பேட்டைக்கு வந்தது. பெரியவர் வீட்டில் திருட ஒன்றும் இல்லை என்பதால் காவல் பிரச்சினை எழவில்லை! வீட்டை ஒட்டி, நாலாபக்கமும் சுவர் வைத்த ஒரு காலி மனை இருந்தது. மனைக்காரரிடம் சொல்லி வைத்து, காலையும் மாலையும் அங்கே ஓட விடுகிறார். கயிறு இல்லாமல் ரோட்டுக்கு விடுவதே இல்லை. பின்னால் வரும் லாரி அதற்குத் தெரியாதே!

பேச்சுக்கு பதில் கைஜாடை. உள்ளங்கையை கீழே அமர்த்தினால் உட்காரும். மார்பில் தட்டினால் வரும். ஆட்காட்டி விரலை ஆட்டினால் "தப்பு". சரியாகச் செய்தால் ஒரு துண்டு முட்டை. ஒன்றரை மாதத்தில் எல்லாம் படிந்து விட்டது என்கிறார் பெரியவர். இருட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டார்ச்சை இரண்டு தடவை அணைத்து அணைத்துக் காட்டுவாராம்.

ஒரே ஒரு பயம் அவருக்கு இருந்தது. தூங்கும்போது யாராவது தொட்டால் மணி திடுக்கிட்டு சட்டென்று வாயை வைத்து விடும். வீட்டில் நாலு வயதுப் பேத்தி. டாக்டரிடமே போய்க் கேட்டு வந்து அதற்கும் ஒரு வழி பழக்கினார். முதலில் பெரியவர்கள் மட்டும் செய்து பார்த்து, பல நாள் கழித்துத்தான் குழந்தையை விட்டார்கள். அதுவும் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

நான் போயிருந்த அன்று மணி கட்டில் ஓரமாக நீட்டிப் படுத்திருந்தது. பேத்தி வாசலிலிருந்து ஓடி வந்தாள். நாலு அடி தள்ளியே நின்று, தரையில் வலது காலால் "தொம், தொம்" என்று இரண்டு மிதி மிதித்தாள். பலகை போட்ட தரை அதிர்ந்தது. மணி கண் திறந்து, தலையைத் தூக்கி, அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. அதன் பிறகுதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.